வரைய ஆயிரம் பேர், உறுதி சொல்ல யார்?

2024 நவம்பர் 24-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கும் படாவுனுக்கும் இடையே ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் கீழே விழுந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி அதற்கு வெகு முன்பே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வண்டிகள் ஏறாதபடி சரியான தடுப்பு இல்லை. காரில் வந்தவர்கள் நம்பி வந்த செல்போன் மேப்பிலும் பாலம் அறுந்திருக்கும் விவரம் இல்லை என்று செய்திகள் வந்தன. போலீசார் பதிந்த வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களோடு, பெயர் குறிப்பிடாமல் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். வேலை என்ற கோணத்தில் பார்த்தால் இந்தச் சம்பவம் ஒரு விஷயத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. அந்தப் பாலத்தை மேப்பில் கோடாக இழுக்கச் செயற்கைக்கோள் படமும் ஒரு கணினியும் சில நிமிடங்களும் போதும். அது இன்று இல்லை என்பதை அறிந்து, உறுதி செய்து, அன்றே கோட்டை நீக்குவதற்குத்தான் ஆளும் அமைப்பும் அறிவும் வேண்டும்.

புவியியல், சிவில், கணினி அறிவியல், புவித்தகவலியல் என்று பல பாதைகளில் படித்துவிட்டு மேப் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை தேடும் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும்?' என்பது. பயிற்சி மையங்களும் ஆர்க்ஜிஐஎஸ், க்யூஜிஐஎஸ், பைத்தான் என்று பட்டியல் போட்டுக் கட்டணம் வாங்கிக்கொள்கின்றன. பட்டியல் தேவைதான், வாசலைத் தாண்ட உதவும். ஆனால் பத்து வருஷம் கழித்து ஒருவர் அந்தத் துறையில் எங்கே இருப்பார் என்பதை முடிவு செய்வது வேறொன்று. மேப் வரைவது நாளுக்கு நாள் மலிந்துகொண்டே வருகிறது. வரைந்த மேப் எந்த அளவுக்குச் சரி, எங்கே தப்பு, அந்தத் தப்பால் யாருக்கு என்ன ஆகும் என்று பொறுப்பாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. மேப் நிறுவனத்தில் நிலைத்து வளர நினைப்பவர் தன் தொழிலை இந்த இரண்டாவது திறமையின் மேல்தான் கட்ட வேண்டும்.

கோட்டுக்குள் இருக்கும் கேள்விகள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேப் ஒரு படம். உள்ளே வேலை செய்பவருக்கு அது முடிவே இல்லாத ஓர் அட்டவணை. ஒரு சாலையைச் சந்திப்புக்குச் சந்திப்பு துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அதன்கீழ் விவரங்களை நிரப்புகிறார்கள். ஒருவழியா, இருவழியா? அகலம் என்ன? லாரி போகலாமா? சந்திப்பில் வலது பக்கம் திரும்பலாமா? கூடாது என்றால் நாள் முழுக்கவா, காலை நெரிசல் நேரத்தில் மட்டுமா? நடுவே தடுப்புச் சுவர் உண்டா, அதில் எங்கே இடைவெளி? ஆஸ்பத்திரியின் வாசல் பிரதான சாலையில் இருக்கிறதா, பின்பக்கச் சந்தில் இருக்கிறதா? இதில் ஒரு விவரம் பிசகினாலும் ஆம்புலன்ஸ் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். சாப்பாடு கொண்டுவருபவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று போன் செய்வார்.

கிண்டி கத்திப்பாராவை எடுத்துக்கொள்ளலாம். மேம்பாலத்தின் மேல் போகும் வண்டியும் அதற்கு நேர் கீழே போகும் வண்டியும் ஜிபிஎஸ் கணக்கில் ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருக்கின்றன. அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒன்று, உயரம்தான் வேறு. அந்த உயரத்தைச் செல்போன் ஜிபிஎஸ் அவ்வளவு நம்பகமாகச் சொல்லாது. எந்தத் துண்டு மேலே, எந்தத் துண்டு கீழே, ஏற்றம் எங்கே தொடங்குகிறது, தவறவிட்டவர் அடுத்து எங்கே திரும்ப முடியும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சரியாகப் பதிந்து வைத்திருந்தால்தான் 'மேம்பாலத்தில் ஏறுங்கள்' என்று மேப் தைரியமாகச் சொல்ல முடியும். கூகுள் மேப்ஸ் இந்த மேம்பால அறிவிப்பை இந்தியாவின் 40 நகரங்களில் 2024 ஜூலையில்தான் அறிமுகம் செய்தது. அதே சமயம் சென்னை, கோவை உட்பட எட்டு நகரங்களில், கார்களைக் குறுகிய தெருக்களுக்குள் அனுப்பாமல் தவிர்க்கும் வசதியும் வந்தது. இருசக்கர வாகனங்களுக்குத் தனியாக வழி காட்டும் வசதியை 2017 டிசம்பரில் அந்த நிறுவனம் முதன்முதலில் வெளியிட்டதே இந்தியாவில்தான். மூன்றும் புதுக் கோடு வரைந்ததால் வந்தவை இல்லை. இருக்கும் கோடு இந்தியத் தெருவுக்குப் பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடித்ததால் வந்தவை.

இந்த வேலைகள் நிறுவனத்துக்குள் படிப்படியாகப் பிரிந்திருக்கின்றன. அடிப்படியில், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு இழுத்து விவரம் சேர்க்கும் டேட்டா எடிட்டர். வெளியில், கேமராவும் லேசரால் தூரம் அளக்கும் லைடாரும் பொருத்திய வண்டியில் தெருத் தெருவாகப் போகும் கள ஆய்வுக் குழு. அடுத்து, தப்பைப் பிடிக்கும் க்யூசி. அதற்கு மேலே, இரண்டு மூலங்கள் முரண்பட்டால் எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று விதிமுறை எழுதுபவர்கள். பக்கத்தில், வழிகாட்டும் கணக்கையும் முகவரித் தேடலையும் எழுதும் மென்பொருள் பொறியாளர்கள். லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகளோடும் அரசுத் துறைகளோடும் பேசி அவர்களுக்கு என்ன தேவை என்று அறிந்துவருபவர்கள். ஒரே நாளில் சேர்ந்து ஒரே வரிசையில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர் சில வருஷங்களில் விதிமுறை எழுதும் இடத்துக்குப் போவதற்கும், மற்றவர் அதே நாற்காலியில் இருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பின்னவர் இன்றைக்கு எத்தனை துண்டு முடித்தோம் என்று எண்ணினார். முன்னவர் ஒரே மாதிரித் தப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டார்.

பிழையை அளந்தவர்கள்

இது இன்றைக்கு முளைத்த விதி இல்லை. இந்தியாவைக் கோணங்களால் அளந்த மாபெரும் முக்கோண அளவைக்கு வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் அடிப்படைக் கோடு போட்டது சென்னைப் பரங்கிமலைக்கு அருகே. ஏழரை மைல் நீளத்தை அளக்க எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரம் போட்டு வெயிலை மறைத்து, தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்கு எஃகு எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுமார் அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் என்ற கோணமானி சுவரில் மோதிச் சிதைந்தது. அதைத் தானே சீர்செய்து, மறுபடி நம்பலாம் என்று தோன்றிய பிறகே வேலையைத் தொடர்ந்தார். அதே அளவைத் துறையில் 1831-இல் கணக்கராகச் சேர்ந்த வங்காளத்து இளைஞர் ராதாநாத் சிக்தார், பல இடங்களிலிருந்து எடுத்த கோணங்களில் காற்றால் ஒளி வளைவதன் பிழையைக் கழித்துப் பார்த்து, இமயத்தின் 15-ஆம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்ற முடிவுக்கு வந்த கணக்கில் முக்கியப் பங்கு வகித்தார். 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி, அதாவது ஏறக்குறைய 8,840 மீட்டர். நேபாளமும் சீனாவும் 2020-இல் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். வித்தியாசம் சுமார் 9 மீட்டர். சிகரத்துக்கு எவரெஸ்ட் என்று அளவைத் துறையின் முன்னாள் தலைமை அதிகாரியின் பெயர் போனது. ஆனால் மலையின் பக்கத்தில்கூடப் போகாமல் அந்தத் துல்லியம் கிடைத்ததற்குக் காரணம், பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த மேசைக் கணக்கர்கள்.

இதற்கு நேர் எதிரான பாடத்தை 2012 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் கற்றுக்கொண்டது. கூகுளை விட்டுவிட்டுத் தன் சொந்த மேப்பை ஐபோனில் வெளியிட்டது. சில நாட்களிலேயே தலைமை நிர்வாகி டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் மில்டூரா என்ற ஊருக்கு வழி கேட்டவர்களை அந்த மேப், ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் கிடைக்காத தேசியப் பூங்காவின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. அதை நம்ப வேண்டாம் என்று போலீஸ் எச்சரிக்கை விட்டது. விசாரித்ததில், அரசு இடப்பெயர்ப் பட்டியலில் மில்டூரா நகரம் ஒரு பதிவாகவும், அந்தப் பெயர் கொண்ட உள்ளாட்சிப் பரப்பின் நடுப்புள்ளி இன்னொரு பதிவாகவும் இருந்தது தெரியவந்தது. ஊருக்கும் உள்ளாட்சி எல்லைக்கும் வேறுபாடு அறிந்த ஒருவர் அந்த இரண்டு வரியையும் கண்ணால் பார்த்திருந்தால் போதும். மென்பொருளில் உலகில் சிறந்தவர்கள் கூடியிருந்த நிறுவனம் சறுக்கிய இடம் இது. அதன் பிறகு ஆப்பிள் தன் மேப்பை அடியிலிருந்து புதுப்பிக்க வண்டிகளைத் தெருவுக்கு அனுப்பியது. மேப் வேலைக்கென்றே 2016-இல் ஹைதராபாதில் அலுவலகம் அமைப்பதாக அறிவித்தது.

பணக்கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்க மேப் நிறுவனமான நாவ்டெக்கை வாங்க நோக்கியா 2007-இல் ஒப்புக்கொண்ட விலை 810 கோடி டாலர். செல்போன் சந்தையில் நோக்கியா சரிந்தது. 2015-இல் ஹியர் என்ற பெயரில் இருந்த அதே தொழிலை ஆடி, பிஎம்டபிள்யூ, டெய்ம்லர் ஆகிய மூன்று கார் கம்பெனிகள் சேர்ந்து 280 கோடி யூரோவுக்கு வாங்கின. விலை சரிந்ததை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தோல்விக் கதை. ஆனால் சந்தையில் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளும் மூன்று கம்பெனிகள் ஏன் கைகோத்தன? தானாக ஓடும் காருக்கு அன்றாடம் திருத்தப்படும் மேப் வேண்டும்; அதைத் தனியாகப் பராமரிக்க யாராலும் கட்டுப்படியாகாது; கூகுளிடம் கையேந்தவும் விருப்பமில்லை. மேப்பை ஒருமுறை உண்டாக்கும் செலவைவிட, அதை உண்மையாகவே வைத்திருக்கும் செலவுதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு.

2021-க்குப் பிறகு

இந்தியாவில் இந்த வாதத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி வெளியான புவித்தகவல் வழிகாட்டு நெறிகள், அதுவரை இருந்த அனுமதிச் சிக்கல்களைப் பெருமளவு நீக்கி, இந்திய நிறுவனங்கள் மேப் தரவைச் சேகரிக்கவும் விற்கவும் வழி திறந்தன. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற வரம்பைவிட நுணுக்கமான தரவை உருவாக்குவதும், தெருவில் வண்டி ஓட்டிப் படமெடுப்பதும் இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியவை. அதனால்தான் 2022 ஜூலையில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் வந்தபோது, படமெடுத்தவை ஜெனெசிஸ் இன்டர்நேஷனல், டெக் மஹிந்திரா ஆகிய இந்திய நிறுவனங்கள். 1995-இல் டெல்லியில் ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதி தொடங்கிய மேப்மைஇந்தியாவின் தாய் நிறுவனம் 2021 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2022 டிசம்பரில் தேசிய புவித்தகவல் கொள்கை அறிவிக்கப்பட்டது. தெருவைச் சரிபார்க்கும் வேலை வெளிநாட்டுக்குப் போக முடியாத வேலையாகிவிட்டது என்பதே இதன் பொருள்.

அரசின் சொந்தத் திட்டங்களிலும் இதே நிலைமை. கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் கொண்டு அளந்து சொத்து அட்டை தரும் ஸ்வாமித்வா திட்டம் 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கியது. ட்ரோன் பறப்பது சில மணி நேர வேலை. இது யார் மனை, வேலி எங்கே, பங்காளி ஒப்புக்கொள்கிறாரா என்று தரையில் நின்று கேட்டு எழுதி ஆட்சேபம் தீர்ப்பதே நாட்களை விழுங்குகிறது. அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய டிஜிபின், நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்தில் ஒரு குறியீடு தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அடுக்குமாடியின் நாலாவது மாடியும் தரைத்தளமும் ஒரே கட்டத்துக்குள்தான் வரும். கேட் எந்தப் பக்கம் என்று கட்டம் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இனி வரும் வேலை.

மறுப்பவர்கள் சொல்வது

இவ்வளவு சொன்னாலும், செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேலைகளுக்கு ஆயுள் எவ்வளவு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2021-இல் கூகுள் ஆப்பிரிக்காவின் 51.6 கோடி கட்டடங்களை இயந்திரம் மூலம் கண்டெடுத்து வெளியிட்டது. கையால் வரைந்திருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தாலே, கோடு மட்டும் இழுப்பவரின் வேலை ஆட்டம் கண்டுவிட்டது புரியும். ஆனால் அந்தத் தொகுப்பு ஒவ்வொரு கட்டடத்தோடும் ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்தே தருகிறது. இது கட்டடம்தான் என்று இயந்திரம் எந்த அளவுக்கு நம்புகிறது என்ற மதிப்பெண். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே தள்ளுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அது நோய்த் தடுப்பூசித் திட்டத்துக்கு ஒன்றாகவும் வரி விதிப்புக்கு வேறொன்றாகவும் இருக்கும். கூரையைப் பார்க்கும் இயந்திரத்துக்கு அது ரேஷன் கடையா, பூட்டிக் கிடக்கும் குடோனா என்று தெரியாது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த வாரம் மேப்பில் எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்பது வானத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இல்லாத விடை.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: இதெல்லாம் பேச்சுக்கு அழகு, நடைமுறையில் டேட்டா எடிட்டர் வேலை குறைந்த சம்பளம், ஒப்பந்தம், மணிக்கு இத்தனை என்ற இலக்கு, கண் எரிச்சல். இதில் பொய்யில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் கோடு இழுக்கும் இடங்களில், ஊழியர் தான் வரையும் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று யோசிக்கக்கூட நேரம் தரப்படுவதில்லை. அந்த நாற்காலியில் ஐந்து வருஷம் உட்கார்ந்தாலும் அனுபவம் ஒரு வருஷத்துக்குமேல் கூடாது. அதற்காக அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு காலம், எதற்காக என்று தெரிந்து சேர வேண்டும். சேரும்முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. என் வேலையில் வந்த தப்பு எனக்குத் திரும்பிச் சொல்லப்படுமா? கள ஆய்வுக் குழுவோடு போக வாய்ப்பு உண்டா? க்யூசி விதிகள் எழுதும் கூட்டத்தில் எடிட்டர்களுக்கு இடம் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்று விடை வந்தால், அது சம்பளம் தரும் இடம், தொழில் தரும் இடமில்லை.

நல்ல சம்பளமெல்லாம் கணினி அறிவியல் படித்தவர்களுக்குத்தானே என்பது மூன்றாவது குறை. தொடக்கச் சம்பளத்தில் அந்த வித்தியாசம் உண்மை. ஆனால் இந்தத் துறையின் பெரிய நிறுவனமான எஸ்ரியை 1969-இல் கலிஃபோர்னியாவின் ரெட்லேண்ட்ஸில் மனைவி லாராவோடு சேர்ந்து தொடங்கிய ஜாக் டேஞ்சர்மண்ட் படித்தது நிலத்தோற்ற வடிவமைப்பு. நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி அவரிடம் முதலில் இருந்தது. கணினி அதற்குக் கருவியாக வந்தது. கேள்வி இல்லாமல் கருவி மட்டும் தெரிந்தவரை, அடுத்த கருவி வந்ததும் மாற்றிவிடலாம். புவியியல் படித்தவர் கொஞ்சம் பைத்தானும் தரவுத்தளமும் கற்றுக்கொள்வதும், கணினி படித்தவர் ஆயத்தொலைவு முறைகளையும் நில அளவையையும் கற்றுக்கொள்வதும் ஏறக்குறைய ஒரே அளவு உழைப்புதான். இருபக்கமும் கால் வைத்தவருக்கு இரண்டு கதவும் திறக்கும்.

தன்னார்வலர்கள் இலவசமாகவே வரைந்து தருகிறார்களே, கம்பெனி எதற்குச் சம்பளம் கொடுக்கும் என்று கேட்பவர்களும் உண்டு. 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்று உலகம் முழுக்க விரிந்திருக்கிறது. அது வேலையைப் பறித்ததா? 2022 டிசம்பரில் அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் நிறுவனங்கள் சேர்ந்து ஓவர்ச்சர் மேப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. திறந்த தரவையும் தங்கள் தரவையும் இணைத்து, முரண்களைத் தீர்த்து, தரம் பார்த்து வெளியிடுவதே அதன் வேலை. வரைபடம் இலவசமானதும், அதற்கு உறுதி சொல்வதற்குப் பணம் கொடுக்கப் பெரிய கம்பெனிகளே முன்வந்தன.

இனி என்ன செய்யலாம்

சென்னைக்கு இந்தத் துறையில் உரிமையோடு பேசும் தகுதி உண்டு. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அங்கேயே இப்போது புவித்தகவலியல் பட்டப்படிப்பும் இருக்கிறது. அந்தப் பழைய பள்ளியில் மாணவன் களத்துக்குப் போய்ச் சங்கிலி பிடித்தான். இன்றைய பாடத்திட்டங்களில் களப்பணிக்குக் கிடைக்கும் நேரம் கணினி ஆய்வகத்துக்குக் கிடைக்கும் நேரத்தோடு போட்டி போட முடியாமல் தவிக்கிறது. கல்லூரிகள் இதைத் திருத்த வேண்டும். நிறுவனங்களும் எடிட்டர்களை வருஷத்தில் சில நாட்களாவது தெருவுக்கு அனுப்பி, எத்தனை துண்டு முடித்தார் என்பதோடு எத்தனை தப்பைக் கண்டுபிடித்தார் என்பதையும் சம்பள உயர்வுக்குக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாணவர்கள் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வார்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திறந்து, ஒவ்வொரு தெருவாக நடந்து சரிபாருங்கள். உங்கள் குடும்ப நிலத்தின் புலப்படத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் தப்பு அளவையிலா, படத்திலா, வரப்பு நகர்ந்ததா என்று விசாரியுங்கள். கண்டதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை சரி, எத்தனை தப்பு, ஏன், எப்படித் திருத்துவது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் பத்து சான்றிதழோடு போவதைவிட அந்த ஒரு பக்கத்தோடு போங்கள். அதைப் படித்தும் பொருட்படுத்தாத நிறுவனம் உங்களுக்கு ஏற்ற நிறுவனமில்லை.